அறுக்காமல் நின்ற பருப்புக்காடு

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பருப்புச் செடி காய்ந்து பழுப்பேறிவிட்டது. செடி ஒருசேரக் காய்வதற்கு போன வாரமே மருந்து அடித்துவிட்டான் என் மகன் நாயகம். இன்னும் நாலைந்து நாளில் அறுப்பு மிஷினை இறக்கலாம் என்கிறான். மருந்து அடித்த பிறகு செடி யாருக்காகவும் காத்திருக்காது. மழை விழுந்தால் காய் வெடித்துக் கொட்டிவிடும்.

நம் ஊரில் மைசூர்ப் பருப்பு என்று வாங்குகிறோமே, அதே சிவப்புப் பருப்புதான். இங்கேயிருந்து கப்பலேறி அங்கே போகிறது. என் மகன் விளைவித்ததை கோவில்பட்டியில் எவளாவது குழம்பு வைத்துக்கொண்டிருப்பாள். யார் வீட்டுப் பருப்பு என்று அவளுக்குத் தெரியாது.

கிழக்குக்காடு முழுசாக நாயகத்தினுடையது. மேற்குக்காட்டைத் தவணையில் வாங்கிக்கொண்டிருக்கிறான். இந்த வருஷ வெள்ளாமை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால் அதுவும் நமக்குத்தான். சேராவிட்டால் பழைய சொந்தக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வான். பேச்சு அப்படி.

இந்த டார்ன்வெல்லில் மொத்தமே முந்நூறு பேர் இருந்தால் அதிகம். ஒரு கடை, ஒரு தபாலாபீஸ், ஒரு மன்றம். ரயில் வந்துகொண்டிருந்த காலத்தில் தானியம் கொட்டி வைத்த மரக்கோபுரம் ஒன்று, ஊர்ப்பெயர் எழுதினபடி நிற்கிறது. இப்போது ரயிலும் இல்லை, தண்டவாளமும் பெயர்த்தாயிற்று. மன்றத்துச் சுவரில் இங்கே காடு திருத்தின குடும்பங்களின் போட்டோக்கள் வரிசையாக இருக்கின்றன. கடைசிப் போட்டோ எங்களுடையது. அத்தனை வெள்ளைக்காரர் நடுவில் நான் அரக்குப் பட்டில் உட்கார்ந்திருக்கிறேன். யார் உள்ளே வந்தாலும் கண் முதலில் என் மேல்தான் விழும். விழட்டுமே.

ஆகஸ்ட் 21, திங்கள்

நாயகம் விழுந்துவிட்டான். தகரக் குதிரின் மேல்மூடியைப் பார்க்க ஏறியிருக்கிறான். ஏணி வழுக்கிவிட்டது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. மருமகள் பகவதி கூடப் போயிருக்கிறாள். சாஸ்கடூன் ஆஸ்பத்திரி, மூன்று மணி நேரப் பயணம். நானும் பேத்தி தாமிராவும் வீட்டில்.

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. தலையிலும் அடி. நினைவு இன்னும் வரவில்லை என்று பகவதி போனில் சொன்னாள். அழுதாளா என்று தெரியவில்லை.

காலையில் டோரீன் வந்தாள். பக்கத்துக் காட்டுக்காரி, தாமிராவின் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவள். எழுபது வயசிருக்கும், ஆனால் நடை இன்னும் டிராக்டர் நடைதான். கையில் வெள்ளித்தாள் மூடிய பாத்திரம். உள்ளே பெரோகியாம். கொழுக்கட்டை மாதிரி ஒன்று, உள்ளே உருளைக்கிழங்கு. தலையைக் குனிந்துகொண்டு மெல்லிய குரலில் "சாரி, சோ சாரி" என்றாள்.

எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டிலிருந்து ஆக்கின சோறு எப்போது வரும்? எழவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்றுதானே வரும்? நோயாளியைப் பார்க்கிறவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். வீட்டுக்குச் சோறு கொண்டுவரமாட்டார்கள். என் பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். அதற்குள் இவள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளா?

"நோ" என்றேன். அடுப்பைக் கையால் காட்டினேன். அதில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "ஹவுஸ் குட். கோ" என்றேன். அவள் என்னவோ சொல்லிப் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள். அவள் வண்டி திரும்பினதும் அதைக் கொண்டுபோய் வேலி ஓரத்தில் கொட்டினேன்.

தாமிரா, "ஏன் ஆச்சி கொட்டுனீங்க? மிஸஸ் டோரீன் நல்லவங்க" என்றாள்.

"நல்லவளா இருந்தா நல்ல நேரத்துல வரட்டும். உள்ள போடி" என்றேன்.

ஆகஸ்ட் 23, புதன்

இன்றைக்கு மூன்று பேர். கடைக்காரன் பெண்டாட்டி ஒரு தட்டு, தபாலாபீஸ்காரி ஒரு சட்டி, பெயர் தெரியாத ஒருத்தி பெரிய கேக். எல்லார் வாயிலும் சாரி. எல்லார் தலையும் குனிந்து. எழவு வீட்டுக்கு வரிசையாகத் துஷ்டி கேட்க வருகிறமாதிரியே இருந்தது. மூன்று பேரையும் வாசலோடு அனுப்பினேன். கேக்குக்காரி உள்ளே எட்டிப் பார்த்தாள். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். திரையையும் இழுத்துவிட்டேன்.

அடுப்பை அணைக்கவே இல்லை. பால் காய்ச்சினேன், ரசம் வைத்தேன், பருப்பு வேகவைத்தேன். யாரும் சாப்பிடவில்லை. ஆனால் அடுப்பு எரிந்தது.

ஆகஸ்ட் 24, வியாழன்

யாரும் வரவில்லை. நல்லது.

ஆகஸ்ட் 25, வெள்ளி

கண்ணைத் திறந்துவிட்டான்! "அம்மா எங்கே" என்று கேட்டானாம். நான் கதவைச் சாத்தினேன், அவன் கண்ணைத் திறந்தான். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தினவள்தான் நான். ஆனாலும் எது எப்போது வாசல்படி ஏறக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

தாமிராவுக்குப் பால்பணியாரம் சுட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

ஆபரேஷன் முடிந்தது. நடக்க மாசக்கணக்கில் ஆகுமாம். நாயகம் போனில் என்னோடு இரண்டு வார்த்தை பேசினான். முதல் வார்த்தையே, "பருப்பு?" என்றான். "அது கிடக்கட்டும்ப்பா" என்றேன்.

"மெட்ரோ வந்தாரா?" என்றான். மெட்ரோ என்பது டோரீன் புருஷன் பெயர். மெட்ராசில் ரயிலுக்கு வைத்த பெயரை இங்கே மனுஷனுக்கு வைத்திருக்கிறார்கள்.

பிறகு பகவதி போனை வாங்கினாள். "அத்தை, ஊர்ல யாராச்சும் வந்தாங்களா? உதவி எதுவும் வேணுமான்னு கேட்டாங்களா?"

"யாரும் வரலை" என்றேன்.

"யாருமேவா?" என்றாள்.

"ஊருக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றேன். பொய் இல்லையே. உதவி என்று யார் வந்தார்கள்? எழவுச் சோறுதான் வந்தது.

ஆகஸ்ட் 30, புதன்

சுற்றி எல்லாக் காட்டிலும் மிஷின் ஓடுகிறது. புழுதி மேகம் மாதிரி எழும்பி எங்கள் ஜன்னலில் வந்து படிகிறது. மெட்ரோ காட்டுப் பருப்பு முடிந்துவிட்டது. அவன் மிஷினைத் திருப்பிக்கொண்டு எங்கள் வேலி ஓரமாகவே போனான். நிறுத்தி ஒரு நிமிஷம் எங்கள் வீட்டைப் பார்த்தான். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். போய்விட்டான்.

எங்கள் காடு மட்டும் அப்படியே நிற்கிறது. என்ன ஊர் இது. காய்ந்து நிற்கிற காட்டைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகிறான் ஒரு மனுஷன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

கடைக்குப் போனேன். தாமிராவுக்குப் பென்சில் வேண்டும். உள்ளே நாலு பெண்கள் காபி குடித்துக்கொண்டு கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. கடைக்காரன் பெண்டாட்டி மரியாதையாகத்தான் இருந்தாள். மரியாதை ஜாஸ்தியாகவே இருந்தது. போன மாசம் வரைக்கும் என் சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

செப்டம்பர் 2, சனி

மழை.

செப்டம்பர் 3, ஞாயிறு

மழை. காட்டுப் பக்கம் போகவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

மழை விட்டது. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. டோரீன் பஸ்ஸை நிறுத்தினாள். வழக்கமாக இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்குவாள். இன்றைக்கு ஸ்டியரிங்கில் இருந்தபடியே கையை மட்டும் தூக்கினாள்.

சாயங்காலம் தாமிரா சொன்னாள்: "ஆச்சி, உங்களுக்கு அவங்க மேல கோபமான்னு மிஸஸ் டோரீன் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலைன்னு சொன்னேன்."

காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு காயை உடைத்தேன். ஈரம். இன்னொன்றை உடைத்தேன். உள்ளே பருப்பு முளை கட்டியிருந்தது. மூடி வைத்த மாதிரி திரும்ப அழுத்தி வைத்தேன். என்ன பைத்தியக்காரத்தனம்.

செப்டம்பர் 6, புதன்

பகவதி வந்தாள். நாயகத்தைப் பார்த்துக்கொள்ள நர்சுகள் இருக்கிறார்கள், காட்டுக்கு வழி பார்க்கவேண்டும் என்று வந்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. வந்ததும் வராததுமாக, கூலிக்கு மிஷின் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். எல்லாரும் இரண்டு வாரம் கழித்து என்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து வந்தால் கூட்டித்தான் அள்ளவேண்டும்.

போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பத்து வருஷமா இவங்க கூட இருக்கோம் அத்தை. ஸ்கூலை மூடப் போறாங்கன்னு போராட்டம் நடந்தப்ப குளிர்ல நின்னோம். மன்றத்துக் கூரைக்கு உங்க மகன்தான் ஏணி பிடிச்சாங்க. ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலையே. உங்க மகன்கிட்ட என்னன்னு சொல்வேன்?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

தாமிரா வாசலில் ஷூ கழற்றிக்கொண்டிருந்தவள், "வந்தாங்களே அம்மா" என்றாள். "மிஸஸ் டோரீன் பெரோகி கொண்டு வந்தாங்க. அப்புறம் கேக் வந்துச்சு. ஆச்சி எல்லாத்தையும் வேணாம்னுட்டாங்க."

பகவதி என்னைப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். எழவுச் சோறு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா, அவளும் கழுகுமலைக்காரிதானே. "புருஷன் நினைவில்லாமக் கிடக்கும்போது வாசல்ல சோறு வந்து நின்னா, நீயா இருந்தா வாங்கி வைப்பியா?" என்று கேட்டேன்.

"யாரும் வரலைன்னு எங்கிட்ட சொன்னீங்களே."

அவள் கார்ச்சாவியை எடுத்துக்கொண்டு டோரீன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்த ஊர்ல ஒரு வழக்கம் இருக்காம் அத்தை. எனக்கும் தெரியாது. நமக்கு இதுக்கு முன்னாடி எதுவும் ஆனதில்லையே. மெட்ரோவோட தாத்தா காலத்துல ஒருத்தர் படுக்கையில கிடந்தாராம். பக்கத்துக் காட்டுக்காரங்க நல்லது செய்யறோம்னு கேக்காமலே அவர் கோதுமையை அறுத்துக் குடுத்திருக்காங்க. அவர் எந்திரிச்சு வந்து, நான் செத்துருவேன்னு முடிவு பண்ணி என் காட்டைப் பங்கு போட வந்தீங்களான்னு துப்பாக்கியைத் தூக்கிட்டாராம். ரெண்டு தலைமுறை அந்த வீடுகளுக்குள்ள பேச்சே இல்லை. அதுல இருந்து கேக்காம யாரும் அடுத்தவங்க காட்டுல மிஷினை இறக்கமாட்டாங்க. நேரடியாவும் கேக்கமாட்டாங்க. முதல்ல சாப்பாடு கொண்டு போவாங்க. அதை வாங்கி, உக்கார வச்சு, காபி குடுத்தா, அப்பத்தான் கேப்பாங்க, மிஷினைக் கொண்டு வரட்டுமான்னு. சாப்பாட்டைத் திருப்பிட்டா எங்களைத் தனியா விடுங்கன்னு அர்த்தம். அப்புறம் ஒருத்தரும் வேலி தாண்டமாட்டாங்க."

துப்பாக்கி தூக்கின அந்த மனுஷன் நினைத்ததில் எனக்கு ஒன்றும் தப்புத் தெரியவில்லை. அதைச் சொல்லவும் செய்தேன்.

பகவதி எழுந்தாள். "நீங்க சாத்துனது கதவை இல்லை அத்தை, காட்டை" என்றாள். அப்புறம், "நான் கூப்பிட்டா வரமாட்டாங்களாம். வீட்டுப் பெரியவங்க வேணாம்னாங்க, பெரியவங்க சொல்லட்டும்கிறாரு மெட்ரோ" என்றாள்.

என் வாயிலிருந்து வரவேண்டுமாம்.

செப்டம்பர் 7, வியாழன்

போனேன். அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். கெஞ்சப் போகிறவள்போலப் போகவேண்டாம் என்று நினைத்தேன்.

டோரீன் கதவைத் திறந்தாள். நாற்காலியைக் காட்டினாள். காபி வைத்தாள். தட்டில் அந்தப் பெரோகியை வைத்தாள். பகவதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். காபியை ஊற்றி இறக்கினேன்.

எங்கள் பக்கத்து வழக்கத்தைப் பகவதி இங்கிலீஷில் சொன்னாள். டோரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் கலங்கியது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மெட்ரோ மட்டும் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். என்னைக் காட்டி என்னவோ சொன்னான். பகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளில் முதல் சிரிப்பு.

"என்ன சொல்றான்?"

"வேலி ஓரத்துல பெரோகி கிடந்ததை அவரும் பார்த்தாராம் அத்தை. காக்கா கூடத் தொடலையாம். கல்யாணம் ஆன நாளா அதுல உப்பு இல்லைன்னு நான் சொல்றேன், இவ நம்ப மாட்டேங்கிறா, இப்ப காக்காயும் சொல்லிருச்சுங்கறாரு."

டோரீன் கைத்துண்டால் அவன் முதுகில் அடித்தாள். அதற்குப் பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நானாகக் கேட்கவேண்டும்.

புருஷன் போனபிறகு கைப்பிள்ளையோடு கொழுந்தன் வீட்டு வாசலில்கூட நான் போய் நிற்கவில்லை. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கித்தான் நாயகத்தைப் படிக்க வைத்தேன். யாரிடமும் தா என்று கேட்டதில்லை.

"மை சன் ஃபீல்ட்" என்றேன். அதற்கு மேல் வார்த்தை தெரியவில்லை. "ப்ளீஸ்" என்றேன்.

மெட்ரோ அப்போதே எழுந்து போன் பக்கம் போனான்.

செப்டம்பர் 9, சனி

விடியும்போதே வந்துவிட்டார்கள். ஊரில் இருக்கிற மிஷின் எல்லாம் எங்கள் காட்டில். லாரிகள். மன்றத்துப் போட்டோக்களில் பெரிய மீசையோடு இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லாரும். பருப்புச் செடி முழங்காலுக்குக் கீழேதான் நிற்கும், மழையில் படுத்தும் விட்டது. மிஷின் வாயைத் தரையோடு தரையாக வைத்து, கல் ஏறாமல் ஓட்டவேண்டும். ஆமை மாதிரி நகர்ந்தார்கள்.

நானும் பகவதியும் ஆக்கினோம். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், காரம் குறைத்துக் கோழிக்குழம்பு. குறைத்தும் மெட்ரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டான். "வெரி குட், வெரி குட்" என்று மோரைக் குடித்தான். கடைக்காரன் பெண்டாட்டி என் பக்கத்தில் நின்று தட்டு நீட்டினாள். சேலையைத் தொடவில்லை. அதற்கு இன்னும் நாள் ஆகும்போல.

கிழக்குக்காடு முடிந்தது. மேற்குக்காட்டில் பாதி தாண்டியபோது மேகம் திரண்டது. விளக்குப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். மழை வந்துவிட்டது. ஒவ்வொரு மிஷினாக நின்றது. நனைந்துகொண்டே எல்லாரும் ஒரு நிமிஷம் மீதிக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அது அவரவர் காடு என்பதுபோல.

செப்டம்பர் 11, திங்கள்

மீதியில் இனி ஒன்றும் இல்லை. கொட்டிவிட்டது.

குதிரில் சேர்ந்ததை மெட்ரோ கை நிறைய அள்ளிக் காட்டினான். தோல் சுருங்கி, நிறம் செத்து, அங்கங்கே முளை. மனுஷர் சாப்பிடுகிற தரம் கிழக்குக்காட்டில் கொஞ்சம் தேறும், மற்றது மாட்டுத் தீவனத்துக்குத்தான் என்றானாம். ஆகஸ்ட் கடைசியில் அறுத்திருந்தால் என்று தொடங்கினவன், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மேற்குக்காட்டுப் பழைய சொந்தக்காரனுக்குப் பகவதி போன் செய்தாள். அவன் நல்ல மனுஷன்தானாம். ரொம்ப வருத்தப்பட்டானாம். காட்டை எடுத்துக்கொள்கிறானாம்.

செப்டம்பர் 12, செவ்வாய்

சாயங்காலம் நாயகம் பேசினான். பகவதி போனை மேஜை நடுவில் வைத்து எல்லாரும் கேட்கிறமாதிரி போட்டாள். அவனிடம் மேற்குக்காட்டு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். சொன்னாள்.

"கிழக்கு இருக்குல்ல. பார்த்துக்கலாம்" என்றான். அப்புறம், "ஆனா ஒண்ணு புரியலை பகவதி. மெட்ரோ காடெல்லாம் ஆகஸ்ட்லயே முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள் வெயில் இருந்திருக்கு. அப்பவே ஏன் வரலை? நம்ம ஊர்க்காரங்க அப்படி விடற ஆளுங்க இல்லையே."

பகவதி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். தாமிராவும் பார்த்தாள். பகவதி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"மழைங்க. பிடிச்சது விடவே இல்லை" என்றாள்.

"அப்படியா அம்மா?"

"ஆமாப்பா" என்றேன். "மழைதான்."

"மழைக்கு யாரு என்ன செய்ய முடியும்" என்றான். "நீ வருத்தப்படாத. நீ வீட்டுல இருக்கேங்கற தைரியத்துலதான் நான் இங்க படுத்திருக்கேன்."

போனை வைத்ததும் பகவதி தாமிராவைப் படிக்கப் போகச் சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "இப்ப அவங்க உடம்புக்கு இது தாங்காது. எந்திரிச்சு நடக்கட்டும். நடந்ததும் நீங்களே சொல்லிருங்க. நான் என்னைக்கும் சொல்லமாட்டேன்."

சரி என்றேன்.

விளக்கேற்றிக் கும்பிட்டேன். அவன் விழுந்த நாளிலிருந்து ஒரே வேண்டுதல்தான், சீக்கிரம் நடக்கவேண்டும் என்று. இன்றைக்கு, நடக்கவேண்டும் என்று மட்டும்தான் வாயில் வந்தது, சீக்கிரம் என்பது வரவில்லை.